காலிலிருந்து எடுக்கும் நரம்பு

"கால்ல இருந்து ஒரு நரம்பை எடுத்து உள்ளே வச்சுத் தைச்சா எல்லாம் பழையபடி ஆயிடும்னு சொல்றாங்களே டாக்டர், நிஜமா?"

புராஸ்டேட் புற்றுநோய்க்கு அறுவை சிகிச்சை என்று முடிவான ஆண்கள் என்னிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. அந்த அறுவையில் ஆணுறுப்பின் விறைப்புக்கான நரம்புகள் போய்விடலாம்; விறைப்பு திரும்புமா என்பதைத்தான் கேட்கிறார்கள். பெரும்பாலும் மனைவி எழுந்து வெளியே போனதும் குரலைத் தாழ்த்திக் கேட்பார்கள். சில சமயம் மனைவியே நேராகக் கேட்டுவிடுவார். அப்போது பேச்சு இன்னும் சுலபமாக இருக்கும்.

அறுந்த நரம்பைச் சேர்ப்பதும், சேர்க்க எட்டாத இடத்தில் உடம்பின் வேறு பகுதியிலிருந்து நரம்பை எடுத்து ஒட்டுப் போடுவதும் என் வேலை. வெட்டுப்பட்ட கை, விபத்தில் பிய்ந்த தோள் நரம்பு என்று வருபவர்கள்தான் அதிகம். சிறுநீரகவியல் மருத்துவர்கள் கூப்பிட்டால் புராஸ்டேட் அறுவை நடக்கும் மேசைக்கும் போவேன். அவர்கள் மேலே வேலை செய்வார்கள், நான் கால் பக்கம். எனவே நான் எழுதப்போவதும் கால் பக்கத்திலிருந்து பார்த்ததுதான். என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: காலிலிருந்து நரம்பை எடுக்கும் முறை அருமையாக முன்னேறியிருக்கிறது. ஆனால் அந்த நரம்பைக் கொண்டுபோய் வைப்பதால் வரும் பலன் அதே அளவுக்கு நிரூபணமாகவில்லை. இந்த இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்வதால் நோயாளிகள் தவறான நம்பிக்கையோடு கையெழுத்துப் போடுகிறார்கள். அது எனக்குப் பொறுக்கவில்லை.

எந்த நரம்பைப் பற்றிப் பேசுகிறோம் என்பது தெரிந்தால்தான் மற்றது விளங்கும்.

புராஸ்டேட் என்பது சிறுநீர்ப்பைக்குக் கீழே, மலக்குடலுக்கு முன்னால், சிறுநீர்க் குழாயைச் சுற்றி இருக்கும் சிறிய சுரப்பி. அதன் பின்பக்க ஓரங்களில், இடமும் வலமுமாக, மெல்லிய இரத்தக் குழாய்களோடு பின்னிப் பிணைந்து இரண்டு நரம்புக் கற்றைகள் இறங்குகின்றன. சுரப்பியைக் கடிகார முகம் என்று வைத்துக்கொண்டு 5 மணிக்கும் 7 மணிக்கும் அருகே என்று மருத்துவர்கள் அடையாளம் சொல்வார்கள். தண்டுவடத்தின் கீழ்க்கோடியிலிருந்து கிளம்பி இடுப்புக்குள் வலையாகப் பின்னி, அங்கிருந்து ஆணுறுப்பு வரை போகும் நரம்புகள் இவை. இவற்றின் முனைகளில் நைட்ரிக் ஆக்சைடு வெளிப்பட்டால்தான் உள்ளிருக்கும் தசை தளர்ந்து, இரத்தம் நிறைந்து, விறைப்பு வரும்.

புராஸ்டேட்டை முழுதாக எடுக்கும் அறுவை சிகிச்சையை 1904-லேயே ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் ஹியூ ஹாம்ப்டன் யங் செய்துவிட்டார். அதன் பிறகு முக்கால் நூற்றாண்டுக்கும் மேலாக, அந்த அறுவை செய்துகொண்ட கிட்டத்தட்ட எல்லா ஆண்களும் விறைப்பை இழந்தார்கள். நரம்புகள் சுரப்பிக்குள்ளேயே ஓடுகின்றன, அதை எடுத்தால் இவையும் போகத்தானே செய்யும் என்றுதான் எல்லோரும் நினைத்திருந்தார்கள். 1981-இல் அதே ஜான்ஸ் ஹாப்கின்ஸைச் சேர்ந்த பேட்ரிக் வால்ஷ் நெதர்லாந்தின் லைடன் நகருக்குப் போனபோது, பணி ஓய்வு பெற்ற பேராசிரியர் பீட்டர் டாங்கர், இறந்து பிறந்த ஒரு சிசுவின் உடலில் சிறுநீர்ப்பைக்குப் போகும் நரம்புகளைப் பிரித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். பெரியவர்களின் உடலில் கொழுப்புக்கும் நாருக்கும் நடுவே இந்த நரம்புகள் கண்ணில் படுவதில்லை. சிசுவின் உடலில் தெளிவாகத் தெரிந்தன. விறைப்புக்கான நரம்பு எங்கே போகிறது என்று வால்ஷ் கேட்டார். டாங்கர் அதுவரை அதைத் தேடியதே இல்லை. இருவரும் உட்கார்ந்து தேடினார்கள். அது சுரப்பிக்கு வெளியே ஓடியது. அடுத்த ஆண்டு, 1982 ஏப்ரல் 26 அன்று, 52 வயது நோயாளி ஒருவருக்கு நரம்புகளைத் திட்டமிட்டு விட்டுவைத்து வால்ஷ் முதல் அறுவையைச் செய்தார்.

இந்தக் கதையை நோயாளிகளிடம் நான் விரும்பிச் சொல்வேன். இறந்து பிறந்த ஒரு குழந்தையின் உடல் இத்தனை ஆண்களின் வாழ்க்கையை மாற்றியிருக்கிறது.

நரம்பு வெளியேதான் இருக்கிறது என்றால் எப்போதும் விட்டுவைத்துவிடலாமே? முடியாது. புற்றுநோய் சுரப்பியின் உறையைத் தாண்டி அந்தக் கற்றையின் பக்கம் பரவியிருந்தால், அதையும் சேர்த்து எடுத்தாக வேண்டும். நரம்பைக் காப்பாற்றப் போய் புற்றை விட்டுவைத்தால் அறுவை செய்ததற்கே அர்த்தமில்லை. அப்படி எடுக்கும்போது கற்றையில் சில சென்டிமீட்டர் இடைவெளி விழுகிறது. இரண்டு முனைகளையும் இழுத்துச் சேர்க்க வழியில்லை. நரம்பை இழுத்துத் தைத்தால் அதன் இரத்த ஓட்டம் கெட்டு, தைத்த இடம் தழும்பாகிவிடும். இடைவெளியில் வேறொரு நரம்புத் துண்டை வைத்தால் என்ன என்ற யோசனை இங்கேதான் பிறந்தது. கையிலும் முகத்திலும் பல காலமாகச் செய்துவரும் வேலைதானே இது. எலிகளில் இடைவெளி உண்டாக்கி ஒட்டு வைத்துப் பார்த்த ஆய்வு 1991-இல் வெளியானது. மனிதர்களில், ஹூஸ்டன் நகரத்தின் பேய்லர் மருத்துவக் கல்லூரியில் பீட்டர் ஸ்கார்டினோ, எட்வர்ட் கிம் ஆகியோர் அடங்கிய குழு காலின் சூரல் நரம்பை வைத்துச் செய்து, 1999-இல் முடிவுகளை வெளியிட்டது. அதன் பிறகு உலகம் முழுக்க இந்த முறை மேல் ஆர்வம் பற்றிக்கொண்டது.

வைக்கும் நரம்புத் துண்டு மின்கம்பி மாதிரி உடனே வேலை செய்யும் என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. வெட்டி எடுத்த நரம்புக்குள் இருக்கும் இழைகள் சில நாட்களிலேயே சிதைந்துவிடும். 1850-இல் அகஸ்டஸ் வாலர் இதைக் கண்டு சொன்னார், அவர் பெயரிலேயே இந்தச் சிதைவை இன்றும் அழைக்கிறோம். மிஞ்சுவது வெறும் உறைகளும், ஷ்வான் செல்கள் என்ற துணைச் செல்களும்தான். அந்தச் செல்கள் உயிரோடு இருந்து, மேல் முனையிலிருந்து புதிதாக முளைத்து வரும் இழைகளுக்கு வழிகாட்ட வேண்டும். இழை ஒரு நாளைக்கு ஏறக்குறைய 1 மில்லிமீட்டர் வளரும். காகிதத்தில் கணக்குப் போட்டால் 6 சென்டிமீட்டர் ஒட்டைக் கடக்க இரண்டு மாதம். ஆனால் இரண்டு தையல்களையும் தாண்டி, ஒட்டுக்கு அப்பால் உள்ள தூரத்தையும் கடந்து, போய்ச் சேர வேண்டிய தசையைச் சேர்ந்து, அதைப் பழையபடி இயக்க வேண்டும். ஒன்றரை, இரண்டு வருடம் பொறுத்திருந்துதான் பலன் உண்டா இல்லையா என்றே சொல்ல முடியும். வயது ஏற ஏற இந்த வளர்ச்சியும் மந்தப்படும்.

சரி, காலுக்கு வருவோம்.

சூரல் நரம்பு கெண்டைக்காலின் பின்புறம் தோலுக்கு அடியில் இறங்கி, வெளிக்கணுக்கால் எலும்புக்குப் பின்னால் வளைந்து, பாதத்தின் வெளியோரத்துக்குப் போகிறது. அது உணர்ச்சியை மட்டும் கொண்டுபோகும் நரம்பு, எந்தத் தசையையும் அசைப்பதில்லை. எடுத்தால் நடை கெடாது, விரல் மடங்காமல் போகாது. 2 முதல் 4 மில்லிமீட்டர் தடிமன். தேவைப்பட்டால் 30 சென்டிமீட்டருக்கும் மேல் நீளம் கிடைக்கும். அதனால்தான் ஒட்டு என்றாலே எங்கள் கை முதலில் அங்கே போகிறது.

பழைய முறையில் கணுக்காலிலிருந்து முழங்காலின் பின்பக்கம் நோக்கி நீளமாகக் கீறுவார்கள். நரம்பு முழுதாகக் கண்ணுக்குத் தெரியும், கிளைகள் தெரியும், தவறு நேராது. அதன் குறை என்னவென்றால் தழும்பு. வயிற்றில் இவ்வளவு பெரிய அறுவை செய்துகொண்டவர், எழுந்து நடக்கத் தொடங்கியதும் வயிற்றைவிடக் காலைப் பற்றித்தான் முறையிடுவார். காலைத் தொங்கவிட்டால் வீக்கம், தையல் இழுப்பு, படுக்கையில் புரளும்போது உரசல். புராஸ்டேட் அறுவைக்குப் பிறகு சீக்கிரம் நடப்பது மிக முக்கியம். இல்லாவிட்டால் காலின் ஆழத்து இரத்தக் குழாயில் இரத்தம் உறையும் ஆபத்து உண்டு. நடக்க வேண்டிய மனிதருக்குக் காலையே பிரச்சினையாக்கி வைப்பது நியாயமா? அடுத்து, ஏணிப்படி போலச் சின்னச் சின்னதாக மூன்று நான்கு கீறல் போடும் முறை வந்தது. அப்புறம் ஒன்று அல்லது இரண்டு கீறல் போதும் என்ற நிலை வந்தது.

அந்தச் சின்னக் கீறலை நான் எப்படிப் போடுகிறேன் என்று கொஞ்சம் விரிவாகச் சொல்ல ஆசை. வெளிக்கணுக்கால் எலும்புக்கும் குதிகால் தசைநாணுக்கும் நடுவே பள்ளமான ஓர் இடம் இருக்கும், விரல் வைத்தாலே தெரியும். அங்கே 2 சென்டிமீட்டர் அளவில் ஒரு கீறல். தோலுக்கு அடியில் கொழுப்பை மெதுவாக விலக்கினால் முதலில் கண்ணில் படுவது பெரும்பாலும் சிறிய சஃபீனஸ் சிரைதான். நரம்பு அதை ஒட்டியே ஓடும். பழக்கமில்லாத கைக்கு இரண்டையும் பிரித்துச் சொல்வது கஷ்டம், முக்கியமாகக் காலில் இரத்த ஓட்டத்தை நிறுத்தப் பட்டை கட்டியிருக்கும்போது. அப்போது சிரையும் வெளுத்து, தட்டையாகக் கிடக்கும். விளக்கைச் சற்றுச் சாய்த்துப் பார்க்க வேண்டும். நரம்பின் மேல் மெல்லிய குறுக்குப் பட்டைகள் பளபளப்பாகத் தெரியும். இழுத்தால் அந்தப் பட்டைகள் மறையும், விட்டால் திரும்ப வரும். சிரையில் அது இருக்காது. நரம்பு அதுதான் என்று உறுதியானதும், அதைச் சுற்றி ஒரு மெல்லிய ரப்பர் நாடாவைப் போட்டு லேசாக இழுத்து, மறு கையைக் கெண்டைக்கால் மேல் வைத்துப் பார்ப்பேன். தோலுக்கு அடியில் ஒரு கயிறு விறைத்து நிமிர்வது விரலுக்குத் தெரியும். போகும் பாதை முழுவதும் அப்படியே கைக்குக் கிடைத்துவிடும்.

அதன் பிறகு இரண்டு வழிகள் இருக்கின்றன. ஒன்று ஸ்ட்ரிப்பர். முனையில் வளையம் உள்ள நீண்ட கருவி. நரம்பின் நுனியை வளையத்துக்குள் நுழைத்து, அதை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, வளையத்தை மேலே தள்ளிக்கொண்டே போவது. வேகமான முறை. ஆனால் கெண்டைக்காலின் நடுப்பகுதியில் வேறொரு கிளை வெளிப்பக்கத்திலிருந்து வந்து சூரல் நரம்போடு சேரும். எந்த உயரத்தில் சேரும் என்பது ஆளுக்கு ஆள் மாறும். வளையம் அங்கே முட்டும். கையில் ஒரு தடை உணர்வு வந்ததுமே நிறுத்திவிட வேண்டும். அதற்கு மேல் தள்ளினால் நரம்பு பாதியில் அறும், அல்லது இழைகள் உள்ளுக்குள் நைந்துபோகும். வெளியே எடுத்துப் பார்த்தால் முழுசாகத்தான் இருக்கும், உள்ளே பாழாகியிருக்கும். தடை வந்த இடத்தில் இன்னொரு சின்னக் கீறல் போட்டு, கிளையைக் கண்ணால் பார்த்து வெட்டிவிட்டு மேலே போவதுதான் சரி. இரண்டாவது வழி எண்டோஸ்கோப். அதே 2 சென்டிமீட்டர் கீறல் வழியாக விளக்கும் கேமராவும் உள்ள குழாயை நுழைத்து, தோலைத் தூக்கிப் பிடித்து, திரையில் பார்த்துக்கொண்டே நரம்பைச் சுற்றியுள்ள திசுக்களிலிருந்து பிரிப்பது. இதயத்தின் பைபாஸ் அறுவைக்குக் காலிலிருந்து சிரை எடுக்கப் பயன்படுத்தும் அதே கருவிகள்தான். நேரம் கூடுதலாகும். ஆனால் கிளை கண்ணுக்குத் தெரிகிறது, நரம்பை எங்கும் முரட்டுத்தனமாக இழுக்க வேண்டியதில்லை. எனக்கு இதுதான் பிடித்த வழி. ஒட்டு வேலை செய்வதே உள்ளிருக்கும் உறைகள் கசங்காமல் இருப்பதைப் பொறுத்தது எனும்போது, பத்து நிமிடத்தை மிச்சப்படுத்துவதற்காக அதைப் பணயம் வைக்க மனம் வருவதில்லை.

புராஸ்டேட் விஷயத்தில் ஒரு வசதி உண்டு. தோள் நரம்புக்கு வேண்டிய அளவு நீளம் இங்கே தேவையில்லை. ஒரு பக்கத்துக்கு 6, 7 சென்டிமீட்டர் போதும், இரு பக்கமும் என்றால் 15 சென்டிமீட்டருக்குள் முடிந்துவிடும். வெட்டியதும் நரம்பு சுருங்கும் என்பதால் அளந்த இடைவெளியைவிட 10 முதல் 20 சதவீதம் கூடுதலாக எடுப்போம். காலின் கீழ்ப்பாதியிலேயே இது கிடைத்துவிடும், முழங்கால் பக்கம் போகவே வேண்டாம். மேலே விட்டுவைக்கும் முனையை லேசாக இழுத்துக் கூர்மையாக வெட்டினால், அது தானாகவே பின்வாங்கித் தசைப் பக்கம் ஒளிந்துகொள்ளும். தோலுக்கு அடியிலேயே நின்றுவிட்டால் அந்த முனையில் பிற்காலத்தில் ஒரு நரம்பு முடிச்சு வளர்ந்து, செருப்பின் வாரோ காலுறையின் விளிம்போ பட்டாலே சுரீர் என்று இழுக்கும்.

எடுத்த நரம்பை உப்பு நீரில் நனைத்த துணியில் வைத்து, மேலே உள்ள குழுவிடம் கொடுப்போம். வைக்கும்போது தலைகீழாகத் திருப்பித்தான் வைப்பார்கள். வளரும் இழைகள் பக்கக் கிளைகளுக்குள் திசைமாறிப் போகாமல் இருக்க அந்த ஏற்பாடு. தைக்கும் நூல் தலைமுடியைவிட மெல்லியது. உருப்பெருக்கிக் கண்ணாடியோ ரோபோவின் கேமராவோ இல்லாமல் அந்தத் தையலைப் போட முடியாது. 2000-க்குப் பிறகு ரோபோ வந்ததும் இடுப்பின் அந்தக் குறுகிய ஆழத்தில் தைப்பது மிகவும் சுலபமாயிற்று.

சின்னக் கீறல், கேமரா, ரோபோ எல்லாம் சேர்ந்து, "இவ்வளவு சுலபமாக இருக்கிறதே, வைத்துத்தான் பார்ப்போமே" என்ற மனநிலையை உண்டாக்கின. எனக்கு இதில்தான் கவலை. கீறல் சின்னதாகலாம், எடுத்த நரம்பு எடுத்ததுதான். பாதத்தின் வெளியோரம், குதிகாலின் வெளிப்பக்கம், சுண்டுவிரல் பக்கம் மதமதப்பாக இருக்கும். காலப்போக்கில் பக்கத்து நரம்புகள் கை கொடுத்து அந்தப் பரப்பு சுருங்கும். பலருக்கும் ஒரு வருடத்தில் அது பெரிய தொல்லையாகத் தெரிவதில்லை. சிலருக்குத் தீராத எரிச்சலும் வலியும் தங்கிவிடும். கீறலின் நீளத்துக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை.

சர்க்கரை நோயாளிகளைப் பற்றித் தனியாகச் சொல்லியே ஆக வேண்டும். சர்க்கரை நோய் நரம்புகளைத் தாக்கும்போது முதலில் பாதிக்கப்படுபவற்றில் சூரல் நரம்பும் ஒன்று. நரம்பு நோயைக் கண்டறிய பயாப்ஸி எடுப்பதும் பெரும்பாலும் இதே நரம்பிலிருந்துதான். பல வருடமாகச் சர்க்கரை உள்ள ஒருவரின் காலிலிருந்து இதை எடுத்தால் இரண்டு பக்கமும் நஷ்டம். ஏற்கெனவே உணர்ச்சி குறைந்த பாதத்தில் மிச்சமிருந்ததும் போகிறது, தெரியாமல் ஒரு புண் வந்து அது பெரிதாகும் ஆபத்து கூடுகிறது. கொண்டுபோய் வைக்கும் நரம்போ ஏற்கெனவே நோய்ப்பட்டது. இப்படிப்பட்டவர்களுக்கு நான் மறுத்துவிடுவேன். சில சமயம் நோயாளிக்கு என்மேல் வருத்தம் வரும். வரட்டும்.

பலன் கிடைக்கிறதா என்ற கேள்விக்கு இதுவரை கிடைத்த பதில்களில் மிகவும் நேர்மையானது ஹூஸ்டன் நகரத்தின் எம்.டி. ஆண்டர்சன் புற்றுநோய் மையத்தில் இருந்து 2009-இல் வந்தது. ஒரு பக்க நரம்பை விட்டுவைத்து மறுபக்கத்தை எடுக்க வேண்டியிருந்த ஆண்களைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு தரப்புக்குச் சூரல் ஒட்டு வைத்தார்கள், மற்றதுக்கு வைக்கவில்லை. 200 பேரைச் சேர்க்கத் திட்டமிட்டு, இடையில் கணக்குப் பார்த்துவிட்டு 107 பேரோடு நிறுத்தினார்கள். இரண்டு வருட முடிவில் விறைப்பு திரும்பியவர்கள், ஒட்டு வைத்தவர்களில் 71 சதவீதம், வைக்காதவர்களில் 67 சதவீதம். வித்தியாசம் என்று சொல்ல ஒன்றும் இல்லை.

ஒரு பக்க நரம்பு மிஞ்சியிருந்தாலே பலருக்கு அது போதுமானதாக இருக்கிறது என்பது இதிலிருந்து தெரிகிறது. அப்படியென்றால் ஒரு பக்கம் மட்டும் போனவர்களுக்குக் காலைத் தொட வேண்டிய அவசியமே இல்லை என்பது என் முடிவு. இரண்டு பக்கமும் போனவர்கள்தான் உண்மையில் ஒட்டு தேவைப்படுபவர்கள். அவர்களிடம் செய்த ஆய்வுகள் எல்லாம் சிறிய நோயாளித் தொகுப்புகள், ஒப்பிடுவதற்கு இன்னொரு தரப்பு இல்லாதவை.

ஏன் கையில் நன்றாக வேலை செய்யும் ஒட்டு இடுப்புக்குள் தடுமாறுகிறது? கையில் நான் தைக்கும் நரம்புக்குத் தெளிவான உறை உண்டு, இரண்டு முனைகளும் கண்ணுக்குத் தெரியும், இந்த முனை அந்த முனைக்கு என்று பொருத்துவேன். புராஸ்டேட் ஓரத்தில் அப்படி ஒரு தனி நரம்பு கிடையாது. கற்றை என்று பெயர்தான். ஈரத் துணியில் ஒட்டிய சிலந்தி வலை மாதிரி, நுண்ணிய இழைகள் சுரப்பியின் பக்கவாட்டிலும் முன்புறம் வரையிலும் பரவிக் கிடக்கின்றன. இரத்தக் கசிவுக்கு நடுவே அவற்றின் மேல் முனை இது, கீழ் முனை இது என்று எதைக் காட்டித் தைப்பது? தைக்கும் கை எவ்வளவு தேர்ந்ததானாலும் இலக்கே மங்கலாக இருக்கிறது.

இன்னொன்றும் இருக்கிறது, இதை யாரும் நோயாளியிடம் போதுமான அளவு பேசுவதில்லை. இரண்டு கற்றைகளையும் எடுக்க வேண்டிய அளவுக்குப் புற்று பரவியிருக்கிறது என்றாலே, அறுவைக்குப் பிறகு அவருக்குக் கதிர்வீச்சும், ஆண் ஹார்மோனை அடக்கும் சிகிச்சையும் தேவைப்பட வாய்ப்பு அதிகம். கதிர்வீச்சு, வைத்த ஒட்டைச் சுற்றியுள்ள இடத்தைத் தழும்பாக்கும். ஹார்மோன் அடங்கினால் ஆசையே குறையும். யாருக்கு ஒட்டு மிகவும் தேவையோ, அவருக்கே அது பலிக்கும் சூழ்நிலை மிகக் குறைவு.

வழி அடைந்துபோயிற்று என்று சொல்ல வரவில்லை. காலைத் தொடாமல், அதே அறுவை நடக்கும் இடத்தில் ஓடும் ஜெனிடோஃபெமரல் நரம்பை எடுத்து வைத்தும் பார்த்திருக்கிறார்கள். அதை எடுத்தால் தொடையின் மேல்பகுதியிலும் விதைப்பையிலும் கொஞ்சம் மதமதப்பு, அவ்வளவுதான். அதைவிட எனக்கு அதிக நம்பிக்கை தருவது, பிரேசிலில் தொடங்கி ஆஸ்திரேலியாவின் மெல்பர்னில் தொடர்ந்த வேறொரு முறை. இடுப்புக்குள் இருக்கும் அந்த மங்கலான முனைகளைத் தேடுவதையே விட்டுவிட்டார்கள். தொடையின் ஃபெமரல் நரம்பில் பக்கவாட்டில் ஒரு சின்ன வாசல் திறந்து, சூரல் நரம்பை அங்கே இணைத்து, மறுமுனையை நேராக ஆணுறுப்பின் தசைக்குள் கொண்டுபோய்ச் சேர்க்கிறார்கள். வயிற்றைத் திறக்கத் தேவையில்லை. புராஸ்டேட் அறுவை முடிந்து, புற்று திரும்பவில்லை என்று தெரிந்த பிறகு பொறுமையாகச் செய்யலாம். 2019-இல் வந்த மெல்பர்ன் முடிவுகளில் 17 பேரில் 71 சதவீதம் பேருக்கு ஒரு வருடத்தில் உடலுறவுக்குப் போதுமான விறைப்பு திரும்பியிருந்தது. 17 பேர்தான், ஒப்பீட்டுத் தரப்பும் இல்லை. ஆனாலும் இலக்கு தெளிவாக இருக்கும் முறை என்பதால் நரம்பு தைப்பவனாக எனக்கு இதன் தர்க்கம் பிடித்திருக்கிறது. இதற்கு நீளமான நரம்பு வேண்டும், இரண்டு காலிலிருந்தும் எடுக்க வேண்டும். சின்னக் கீறலில் எடுக்கும் கலை இங்கேதான் நிஜமாகவே கை கொடுக்கும்.

நரம்பை வெட்டாமலே இருக்க முடிந்தால் அதற்கு இணை ஏது? அறுவை நடக்கும்போதே எடுத்த சுரப்பியின் ஓரத்தை உறைய வைத்து, மெல்லிசாக வெட்டி, நுண்ணோக்கியில் பார்த்து, புற்று எட்டவில்லை என்றால் நரம்பை விட்டுவைப்பது, எட்டியிருந்தால் மட்டும் எடுப்பது என்ற முறையை ஹாம்பர்க்கில் வளர்த்தெடுத்தார்கள். நியூரோசேஃப் என்று பெயர். பிரிட்டனில் குலுக்கல் முறையில் செய்த ஆய்வு 2025-இல் வந்தது. 25-க்குப் போடும் விறைப்பு மதிப்பெண்ணில் ஒரு வருடம் கழித்து இந்த முறையில் 12.7, வழக்கமான முறையில் 9.7. எண்ணாகப் பார்த்தால் சிறியதுதான். ஆனால் இந்த வித்தியாசத்துக்காக யாருடைய காலும் மரத்துப்போகவில்லை.

அறையில் உட்கார்ந்து நான் பேசுவது இதைத்தான். கணவன், மனைவி இருவரையும் சேர்த்து உட்கார வைப்பேன். ஓய்வு பெற்ற ஒருவர், மனைவி பக்கத்தில் இருக்க, "எனக்கு அது இல்லாட்டியும் பரவாயில்லைங்க, உயிர் இருந்தா போதும்" என்றார். மனைவி அவர் கையை விலக்கிவிட்டு, "அவரு எனக்காகச் சொல்றாரு. நீங்க உள்ளதைச் சொல்லுங்க டாக்டர்" என்றார். உள்ளதைச் சொன்னேன். சில்டனாஃபில் (வயாக்ரா) போன்ற மாத்திரைகள் நரம்பிலிருந்து வரும் நைட்ரிக் ஆக்சைடை நம்பியவை, இரண்டு பக்க நரம்பும் போனால் அவை பெரிதாக உதவாது. ஆனால் ஆணுறுப்பில் நேராகப் போடும் அல்ப்ரோஸ்டாடில் ஊசிக்கு நரம்பு வேண்டாம். வெற்றிடக் கருவிக்கும் வேண்டாம். உள்ளே பொருத்தி, வேண்டும்போது நிரப்பி விறைக்க வைக்கும் செயற்கைக் கருவி 1973 முதல் இருக்கிறது, ஒட்டு பலிக்குமா என்று இரண்டு வருடம் காத்திருக்க முடியாதவருக்கு அது உறுதியான வழி. இதையெல்லாம் ஒட்டு வேண்டுமா என்று கேட்பதற்கு முன்னாலேயே சொல்லிவிட வேண்டும். "கால்ல கீறல் எவ்வளவு பெரிசு?" என்று அந்த அம்மா கடைசியாகத்தான் கேட்டார். ஒரு பக்க நரம்பு மிஞ்சும் என்று ஸ்கேனில் தெரிந்ததால், கீறலே வேண்டாம் என்று மூவரும் சேர்ந்து முடிவு செய்தோம்.

ஒட்டு வைக்கலாம் என்ற முடிவுக்கே ஒருவர் வந்தாலும், அது அறுவைக்கு முந்தைய நாளே ஒப்புதல் படிவத்தில் வந்துவிட வேண்டும்: எந்தக் கால், எத்தனை கீறல், எந்தப் பகுதி மரத்துப்போகும், எந்த நிலை வந்தால் மட்டும் நரம்பை எடுப்போம், எந்த நிலையில் எடுக்க மாட்டோம். முந்தைய நாள் மாலையே பாதத்தின் இரு ஓரங்களிலும் உணர்ச்சியைச் சோதித்துக் குறித்துவைக்க வேண்டும், காலில் அடையாளமும் இட வேண்டும். சுரப்பியை எடுத்த பிறகுதான் கற்றையை விட்டுவைக்க முடியுமா என்பது பல சமயம் தெரியவரும். அந்த நேரத்தில் மயக்கத்தில் இருப்பவரிடம் காலிலிருந்து நரம்பை எடுத்துக்கொள்ளட்டுமா என்று கேட்க முடியாது.